ஒத்திகைக் காமாலை

நகரப் பொது சுகாதார அலுவலகத்தில் ஃபெலோவாகச் சேர வந்த முதல் நாள், வாசல் காவலர் அவளை உள்ளே விடவில்லை. ஒரு ஃபெலோ வருவான், வந்தால் மாடிக்கு அனுப்பு என்று அவருக்கு உத்தரவு. வந்து நின்றதோ தோளில் பையும் கையில் டிபன் டப்பாவுமாக ஒரு பெண். அந்த ஃபெலோ தான்தான் என்று அவருக்குப் புரியவைக்க இருபது நிமிடம் ஆயிற்று. புரிந்த பிறகும் ஒரு பெண்பிள்ளையை அப்படிக் கூப்பிட அவருக்கு நாக்கு கூசியது. "ஃபெலோம்மா" என்று வைத்துக்கொண்டார். மாலைக்குள் அலுவலகம் முழுவதும் அதையே வைத்துக்கொண்டது.

ஃபெலோஷிப் என்ற அந்தப் பயிற்சிப் பணி இரண்டு வருடம். நானூறு பேர் எழுதிய தேர்வில் தேறிய ஆறு பேரில் அவளும் ஒருத்தி. எந்த நோய் யாருக்கு, எங்கே, எப்போது வந்தது என்று எண்ணி, எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, அதை நிறுத்துவது அவள் படித்த படிப்பு. அந்த அலுவலகத்தின் வேலையும் அதுதான் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். தவறு அவளுடையதுதான். அப்படி யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அவளுக்குக் கொடுத்த மேஜை, தடுப்பூசி வைக்கும் பெரிய குளிர்பெட்டிக்கும் பிறப்பு இறப்புப் பதிவு ஜன்னலுக்கும் நடுவில் இருந்த நடையில் போடப்பட்டிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் குளிர்பெட்டியின் கதவு திறக்காது. தடுப்பூசி எடுக்க வருகிறவர்களுக்காக எழுந்து நிற்க வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாகப் பதினோரு முறை எழுந்தாள். எண்ணுவதற்கு வேறு எதுவும் அவளுக்குத் தரப்படவில்லை என்பதால் அதை எண்ணினாள்.

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கும் அவள் அம்மா மட்டும், மகள் ஊருக்கே நோய் பார்க்கிறாள் என்று வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது மாதம் வேலை வந்தது. எந்தெந்த நகரம் நோய்ப் பரவலை எதிர்கொள்ளத் தயாராக இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட ஒரு மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. அவர்கள் கண்முன்னால் ஒரு நோய் பரவுவதுபோலவும், அலுவலகம் ஓடிப்போய் அதை அடக்குவதுபோலவும் ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும். முதல் இடம் பிடிக்கும் நகரத்துக்கு விருது. நகர்நல அலுவலர் எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் கூட்டி, என்ன நோய் பரவலாம் என்று கேட்டார்.

வாந்திபேதி என்றார் ஒருவர். குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர் எழுந்து, தன் குழாயில் அழுக்கு இருப்பதாக ஜாடை பேசுகிறார்களா என்று கேட்டார். கொசுக் காய்ச்சல் என்றதும் கொசு ஒழிப்புப் பிரிவு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாய்க்கடிக்கு நாய்ப் பிரிவு ஒப்பவில்லை. காசநோய் யாரையும் புண்படுத்தாது, ஆனால் குணமாக ஆறு மாதமாகும். குழுவோ மாலை ரயிலுக்குத் திரும்புகிறது. மூன்று மணி நேரம் கழித்து, பெயரில்லாத ஒரு காய்ச்சல், வெளியூரிலிருந்து வந்தது என்று முடிவாயிற்று. அது எப்படிப் பரவும் என்று அவள் கேட்டாள்.

"பரவும்" என்றார் நகர்நல அலுவலர்.

அந்தக் காய்ச்சலுக்கு நாற்பது நோயாளிகளை உண்டாக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. பெயர், வயது, தெரு, காய்ச்சல் கண்ட தேதி எல்லாம் வேண்டும். ஆள் இல்லாவிட்டாலும் தேதி பொய்யாகத் தெரியக்கூடாது என்று அவளுக்கு ஓர் எண்ணம். நிஜ நோயாளிகள் எப்படி ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள் என்று பார்க்க, பன்னிரண்டாம் வார்டு மருந்தகத்துக்குப் போய் வெளிநோயாளிப் பதிவேட்டைப் புரட்டினாள். மூன்றாவது குறுக்குத் தெருவிலிருந்து மூன்று வாரத்தில் பதினொரு பேர், மஞ்சள் காமாலை. பதினொரு வரியும் சிவப்பு மையில் இருந்தன.

வார்டு நர்ஸ் அக்கா ஓய்வு பெற நான்கு வருடம் பாக்கி இருந்தவள். யார் கண்ணிலாவது படட்டும் என்றுதான் சிவப்பில் எழுதினேன் என்றாள்.

"யாராவது பார்த்தாங்களாக்கா?"

"பார்த்தாங்க. பதிவேட்டுல நீலம்தான் எழுதணும்னு மெமோ வந்துச்சு."

அன்றே இருவரும் அந்தத் தெருவுக்குப் போனார்கள். நாற்பத்திரண்டு வீடுகள், ஒரே ஒரு குடிநீர்க் குழாய் வரிசை. தெருமுனையில் அந்தக் குழாய் சாக்கடையின் குறுக்கே போகும் இடத்தில் தரை எப்போதும் சொதசொதவென்று இருந்தது. முனையிலிருந்து எட்டு வீடுகளில் ஐந்தில் நோயாளிகள். வீடு வீடாகக் கேட்டு எழுதியபோது பதினொன்று பதினாறாயிற்று. அவள் தெருவை வரைந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் வீட்டில் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளிகள் முனையில் குவிந்து, போகப்போகக் குறைந்தன. இவ்வளவு தெளிவான படம் பாடப்புத்தகத்தில் கூட இருந்ததில்லை. அதைப் பார்த்ததும் ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

முனையிலிருந்து மூன்றாவது வீடு தையல்காரருடையது. முன்னறையில் இரண்டு தையல் மிஷின்கள், உள்ளே குடித்தனம். அவருடைய மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. வயிறு மேஜையில் இடிக்காமலிருக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் இன்னும் யாருக்கும் காமாலை வரவில்லை. தண்ணீரில் வரும் இந்தக் காமாலை மற்றவர்களுக்குப் படுத்து எழுந்தால் போய்விடும், பிள்ளைத்தாய்ச்சிக்கு உயிருக்கே ஆபத்து என்று அவளிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது என்று ஃபெலோம்மா தடுமாறினாள்.

தையல்காரர் மனைவி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "சுத்தி வளைக்காதீங்க மேடம். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

குழாய்த் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்க விட்டுத்தான் குடிக்க வேண்டும் என்றாள் இவள். அன்றிலிருந்து அந்த வீட்டில் காலையில் ஒரு பானை, மாலையில் ஒரு பானை கொதித்தது. கணவர் பாதியில் அடுப்பை அணைத்துவிடுகிற ஆள் என்று, கொதித்து முடிந்த நேரத்தைத் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் சுவரில் எழுதி வைத்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வீடுகளும் கொதிக்க வைத்தன. நர்ஸ் அக்கா தினமும் ஒரு நடை போய்வந்தாள். பத்து நாளில் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் தண்ணீர் கொதித்தது.

குழாயைச் சரி செய்யாமல் எத்தனை நாள் கொதிக்க வைப்பார்கள்? அவள் படத்தையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு நகர்நல அலுவலர் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர். யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். உட்காரச் சொல்லி, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கோடு ரொம்ப நேராக இருப்பதாகப் பாராட்டினார்.

"நீ சின்னப் பொண்ணு, ஆர்வம் இருக்கு, நல்லதுதான். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். நிஜமா நோய் வந்தா எந்த ஆபீஸும் ஓடும். அதுல நமக்கு என்ன பெருமை? வராத நோய்க்கு ஓடறோம் பாரு, அதுக்குப் பேர்தான் தயார்நிலை. இப்ப இந்தப் பதினாறு பேரை எடுத்துக்கோ. நமக்கு முன்கூட்டித் தகவல் உண்டா? தேதி குறிச்சாங்களா? இல்ல. நம்ம ஒத்திகைக்கு ரெண்டு மாசம் முன்னாலேயே தேதி குறிச்சாச்சு. எது ஒழுங்கா வருதோ அதைத்தானே முதல்ல பார்க்க முடியும்?"

தண்ணீரையாவது பரிசோதிக்கலாம் என்று அவள் கேட்டாள். மாதிரி எடுக்கும் சுத்தமான பாட்டில்கள் கையிருப்பில் நாற்பது இருந்தன. ஒத்திகையில் குழுவின் பார்வைக்கு வைக்க நாற்பது வேண்டும் என்று கிடங்கில் சொன்னார்கள். ஒன்று மட்டும் தாருங்கள் என்றாள். முப்பத்தொன்பதை வைத்தால் வரிசை கோணலாகத் தெரியும் என்றார்கள்.

பொறியாளர், அந்தக் குழாய் ஒழுகவில்லை என்பதற்குத் தன்னிடம் போன வருடத்துச் சான்றிதழ் இருப்பதாகச் சொன்னார். ஈரமாக இருக்கிறதே என்று அவள் கேட்டபோது, சான்றிதழ் குழாய்க்குத்தான், ஈரத்துக்கு இல்லை என்றார்.

அந்த வாரம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மதிப்பீட்டுக் குழு அனுப்பியிருந்த வழிகாட்டியை அலுவலகத்தில் முழுதாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில், தண்ணீரால் பரவும் நோயை, மக்கள் குடியிருக்கும் தெருவில், மக்களையும் சேர்த்துக்கொண்டு ஒத்திகை பார்த்தால் பதினைந்து மதிப்பெண் கூடுதல் என்று இருந்தது. பெயரில்லாத காய்ச்சலை எடுத்துவிட்டு மஞ்சள் காமாலையை வைத்தால், ஒத்திகைக்குக் குறித்திருந்த அலுவலக மைதானத்தை விட்டு மூன்றாவது குறுக்குத் தெருவுக்குப் போனால்? தண்ணீர் லாரி வரும். குளோரின் பொட்டலம் வரும். ஒலிபெருக்கியில் கொதிக்க வைக்கச் சொல்வார்கள். குழாயைத் தோண்டிப் பார்ப்பார்கள். எதற்காக வந்தார்கள் என்பதா முக்கியம், வந்தால் போதாதா?

வீட்டில் சொன்னபோது அம்மா, "எம் பொண்ணுக்குப் பொழைக்கத் தெரிஞ்சிருச்சு" என்று உச்சி முகர்ந்தாள்.

பதினைந்து மதிப்பெண் என்றதும் நகர்நல அலுவலர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பொறியாளர் மட்டும் இரண்டு நாள் முரண்டு பிடித்தார். தெருமுனையில் ஏற்படப்போவது ஒத்திகைக் கசிவு, அதற்கும் அங்கே இருக்கும் ஈரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு இறங்கிவந்தார். அவளும் கையெழுத்துப் போட்டாள். ஒலிபெருக்கி அறிவிப்பை அவளையே எழுதச் சொன்னார்கள். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருங்கள் என்று ஆறு வரி எழுதிக் கொடுத்தாள். படித்துப் பார்த்து, அருமை என்று வாங்கிக்கொண்டார்கள்.

ஒத்திகை நாள் காலை எட்டு மணிக்கு மூன்றாவது குறுக்குத் தெருவில் ஒரு கூடாரமும் இருபது நாற்காலிகளும் வந்து இறங்கின. மதிப்பீட்டுக் குழுவில் மூன்று பேர். அவர்களுக்குப் பின்னால் நிழற்குடை பிடிக்க மூன்று பேர்.

தண்ணீர் லாரி எட்டு நிமிடத்தில் வந்து நின்றது. அழைப்பு வந்து பதினைந்து நிமிடத்துக்குள் வர வேண்டும் என்பது விதி. குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். குடங்களோடு ஓடிவந்த பெண்கள் லாரியின் குழாயைத் திருகியபோது காற்றுதான் வந்தது. தண்ணீர் ஏற்றினால் வண்டி மெதுவாகப் போகும், நேரத்துக்கு மதிப்பெண் போய்விடும் என்று ஓட்டுநர் அவர்களிடம் பொறுமையாக விளக்கினார். குளோரின் பொட்டலங்களில் சாக்பீஸ் தூள் இருந்தது. நிஜக் குளோரின், கண்ணாடிப் பெட்டிக்குள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது.

கூடாரத்தில் நாற்பது நோயாளிகள் படுத்திருந்தார்கள். எல்லோரும் வரிவசூல் பிரிவு ஊழியர்கள். முகத்திலும் கையிலும் மஞ்சள் பெயின்ட். அந்தத் தெருக் கொத்தனார் ஒருவர், இரண்டு வாரமாகக் காமாலையில் கிடந்தவர், ஆஸ்பத்திரி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தார். பட்டியலில் பெயர் இல்லை என்று அவரை எழுப்பினார்கள். குழு உறுப்பினர் ஒருவர் அவர் கண்ணிமையை விலக்கிப் பார்த்து, மற்றவர்களுடன் ஒப்பிட்டால் இவருடைய மஞ்சள் அவ்வளவு இயல்பாக வரவில்லை என்று குறித்துக்கொண்டார். நர்ஸ் அக்கா கொத்தனாரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பணியிடத்தை விட்டுப் போனதற்காக அவளுக்கு மறுநாள் இரண்டாவது மெமோ.

பொறியாளரின் ஆட்கள் குழாயைத் தோண்டினார்கள். ஈரமான இடத்தைத் தோண்டச் சாலைப் பிரிவின் அனுமதி வேண்டும், அது மூன்று மாதம் ஆகும் என்பதால் நான்கடி தள்ளிக் காய்ந்த மண்ணில் தோண்டினார்கள். இரண்டடி ஆழத்தில், முந்தின நாள் கிடங்கிலிருந்து கொண்டுவந்து புதைத்திருந்த உடைந்த குழாய்த் துண்டு கிடைத்தது. நோயின் மூலகாரணம் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஃபெலோம்மா ஈர மண்ணில் நின்றுகொண்டிருந்தாள். அவள் செருப்புக்குள் தண்ணீர் ஏறியிருந்தது.

அப்போதும் அவளுக்கு நம்பிக்கை போகவில்லை. ஒலிபெருக்கி அறிவிப்பு இன்னும் பாக்கி இருந்தது. லாரி காலியாக இருந்தால் என்ன, தெருவுக்கே கேட்கும்படி அந்த ஆறு வரியைச் சொல்லிவிட்டால் போதும்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு நகர்நல அலுவலரே மைக்கைப் பிடித்தார். அவள் எழுதிய வரிகளைக் கேட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்று இரவோடு இரவாகத் திருத்தியிருந்தார்கள்.

"அன்பான பொதுமக்களே, இது ஒத்திகை. உங்க குழாய்த் தண்ணி சுத்தமான தண்ணி. யாரும் பயப்பட வேண்டாம், வழக்கம்போல குடிக்கலாம். இந்தத் தெருவுல காமாலைய நாங்கதான் வரவழைச்சோம். நாலரை மணி நேரத்துல நாங்களே அதை ஒழிச்சுக் காட்டியிருக்கோம். வேற எந்த ஊருக்கு இந்தத் துணிச்சல் வரும்? இந்த நிமிஷத்துலேர்ந்து மூணாவது குறுக்குத் தெருவுல காமாலை இல்லைன்னு அறிவிக்கிறேன்."

தெரு கைதட்டியது. இரண்டு வாரமாக அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவர்கள், ஒரு பெரிய மனிதர் வந்து நின்று முடிந்துவிட்டது என்று சொன்னால் கைதட்டாமல் என்ன செய்வார்கள்? ஃபெலோம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக்கை நோக்கி ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் நன்றியுரையும் முடிந்து, ஒலிபெருக்கிக்காரர் ஒயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். ஒரு நிமிடம், ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று கெஞ்சினாள். நிகழ்ச்சி நிரலில் நன்றியுரைக்குப் பிறகு எதுவும் இல்லை என்று அவர் தாளை எடுத்துக் காட்டினார்.

மாலை வரை வீடு வீடாகப் போனாள். போன வீட்டிலெல்லாம் சிரித்துக்கொண்டே வரவேற்றார்கள். அதுதான் முடிஞ்சிருச்சே மேடம் என்றார்கள். முடியவில்லை, அது பொய் என்று அவள் சொல்லச் சொல்ல, பாவம், இந்தப் பெண்ணுக்கு மேலிடத்தில் ஏதோ மனக்கசப்பு என்பதுபோல் பார்த்தார்கள். தையல்காரர் வீடு பூட்டியிருந்தது. நன்றியுரை முடிந்த கையோடு துணி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்களாம். மறுநாள் வரலாம் என்று நினைத்தாள். மறுநாள் முதல் அவளுக்கு அலுவலகத்தை விட்டு நகர அனுமதி இல்லை. ஒத்திகை அறிக்கை எண்பது பக்கம் எழுத வேண்டியிருந்தது. நர்ஸ் அக்காவை இரண்டு மெமோவுக்காக ஊரின் மறுகோடிக்கு மாற்றினார்கள்.

நகரத்துக்கு முதல் இடம் கிடைத்தது. மேடையில் நகர்நல அலுவலருக்குப் பின்னால் நின்ற ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி. புகைப்படத்தில் பொறியாளரின் தோளுக்கு மேல் அவளுடைய நெற்றி தெரிந்தது. அந்தப் படத்தை அம்மா டிக்கெட் கவுண்டரின் கண்ணாடியில் ஒட்டினாள்.

இந்தக் காமாலைக் கிருமி உடம்புக்குள் போனால் உடனே தெரியாது. நான்கு வாரமோ ஆறு வாரமோ கழித்துத்தான் கண் மஞ்சளாகும். ஒத்திகை முடிந்த ஐந்தாவது வாரம் மூன்றாவது குறுக்குத் தெருவிலிருந்து ஒரே வாரத்தில் பதினெட்டு பேர் மருந்தகத்துக்கு வந்தார்கள். புதிதாக வந்த நர்ஸ் நீல மையில் எழுதியிருந்தாள்.

ஃபெலோம்மா அந்தப் பதினெட்டு பேரையும் கணினியில் ஏற்றப் புள்ளிவிவர அலுவலரிடம் போனாள். அந்த அம்மாள் எதற்கும் பதறாதவர். இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, ஏறவில்லை என்றார்.

"அந்தத் தெருவுல ஒரு பரவல் ஏற்கெனவே திறந்து, மூடியாச்சு பாரு. மூடின தெருவ தொண்ணூறு நாளைக்குத் திறக்க முடியாது. வேணும்னா அந்தப் பழைய நாப்பது பேரோடயே இவங்களைச் சேர்த்துடலாம்."

அந்த நாற்பது பேரும் வரிவசூல் பிரிவு என்று அவள் சொன்னாள். அந்த அம்மாள் சற்று யோசித்து, ஆமாம், இடமும் இல்லை, நாற்பதும் நிரம்பிவிட்டது என்றார். அவள் முகத்தைப் பார்த்து மனமிரங்கி, "மற்றவை" என்ற தலைப்பில் பதினெட்டையும் போட்டுக் கொடுத்தார். அங்கே வண்டுக்கடி, ஒவ்வாமை, வெயில் மயக்கத்தோடு காமாலையும் உட்கார்ந்தது.

பத்தொன்பதாவதாக வந்தவள் தையல்காரரின் மனைவி. எட்டாம் மாதம். முதல் நாள் வாந்தி, மூன்றாம் நாள் கண் மஞ்சள், ஐந்தாம் நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். குழந்தை முதலில் போயிற்று. மறுநாள் காலை அவளும் போனாள்.

அலுவலக நடையில், தன் மேஜைக்குப் பக்கத்து ஜன்னலில் கையில் தாளோடு தையல்காரர் நிற்பதைப் பார்த்தபோதுதான் ஃபெலோம்மாவுக்கு அது தெரியவந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து, பிறப்பு இல்லாமல் குழந்தைக்கு இறப்பு எப்படி எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பினார். அவளைப் பார்த்ததும், வாங்க மேடம் என்று, தன் கடைக்கு வந்தவளை வரவேற்பதுபோல் சொன்னார்.

சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போனாள். இரண்டு மிஷின்களில் ஒன்றை உறைபோட்டு மூடியிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அந்த ஒத்திகையை இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தது தன்னுடைய யோசனை என்று சொல்லிவிட்டாள்.

"அவ காய்ச்சணும்னுதான் சொன்னா. அந்த மேடம் வந்து சொல்ற வரைக்கும் நிறுத்தக்கூடாதுன்னா. நான்தான், மைக்குல சொல்லிட்டாங்களே, இன்னும் எதுக்கு வயித்தத் தூக்கிக்கிட்டு அடுப்புல நிக்கிறன்னு அணைச்சேன். என் கையாலதான் அணைச்சேன்."

"அது உங்க தப்பு இல்லண்ணா."

"அப்ப யார் தப்பு?"

எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் படித்த படிப்பு. அந்தக் கேள்வியை அந்த ஊரில் அவளிடம் முதன்முதலாகக் கேட்டவர் அவர். அவள் தன்னிடமிருந்து தொடங்கினாள். கையெழுத்துப் போட்ட தாள், ஒழுகாத சான்றிதழ், நாற்பது பாட்டில்கள், காலி லாரி, நான்கடி தள்ளித் தோண்டிய குழி, திருத்திய ஆறு வரி என்று வரிசையாகச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, அளவு எழுதும் நோட்டை நீட்டி, இதையெல்லாம் எழுதித் தருகிறீர்களா என்றார். மார்பளவும் கையளவும் குறித்திருந்த பக்கங்களுக்கு அடுத்த பக்கத்தில் அவள் எழுதி, பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

அவர் அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்து அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினார். திங்கட்கிழமைதோறும் வந்து கேட்டார். ஏழாவது திங்கள் பதில் வந்தது. ஒத்திகை குறித்த குறைகளை, ஒத்திகை நாளன்று கூடாரத்தில் வழங்கப்பட்ட கருத்துப் படிவத்தில் மட்டுமே தெரிவிக்கலாம்; படிவம் பெறும் நேரம் அன்று பகல் பன்னிரண்டு நாற்பதுடன் முடிவடைந்தது. துக்கத்தில் பங்குகொள்வதாகக் கடைசியில் ஒரு வரியும் இருந்தது.

ஃபெலோம்மாவை யாரும் திட்டவில்லை. நகர்நல அலுவலர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இவ்வளவு திறமையுள்ளவளை இரண்டு வருடம் முழுதாகப் பிடித்துவைப்பது நியாயமில்லை என்றார். ஓராண்டு முன்னதாகவே பயிற்சியைச் சிறப்பாக முடித்ததாகச் சான்றிதழ் கொடுத்தார். அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டட்டுமா என்று கேட்டாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.

அடுத்த மாதம் நான்காவது குறுக்குத் தெருவில் இரண்டு பேருக்குக் கண் மஞ்சளாக இருப்பதாகத் தையல்காரர் வந்து சொன்னார். முனையில் இருந்த அதே குழாய்தான் அந்தத் தெருவுக்கும் போகிறது. அவளிடம் இப்போது அடையாள அட்டை இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டாள். அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார்.

முதல் வீட்டில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி, காமாலையைப் பற்றி இவள் சொன்னதை எல்லாம் மரியாதையாகக் கேட்டாள். பிறகு, "இது ஒத்திகையா, நிஜமா?" என்றாள்.

தையல்காரர் முந்திக்கொண்டு, "நிஜம்மா" என்றார்.

அந்தப் பெண் வாசலுக்கு வந்து தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"நிஜம்னா லாரி வந்திருக்கும். டென்ட்டு போட்டு, மைக்கு வெச்சு, ஆபீசருங்க எல்லாம் வந்திருப்பாங்க. நீங்க ரெண்டு பேர்தானே நடந்து வந்திருக்கீங்க."

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். தையல்காரர் அடுத்த வீட்டுப் படியில் ஏறி நின்று காத்திருந்தார். அவள் நோட்டில் அந்த வீட்டு எண்ணை எழுதினாள். கதவுக்கு அந்தப் பக்கம் குழாயைத் திறக்கும் சத்தமும், பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன.